தோத்தவனுக்கு முதல் முறை

மோனை, பந்தாட்டத்திலை ஒரு கட்சியின்ரை பின்னாலை திரியிறதெண்டு முடிவெடுத்திட்டாய் எண்டால், தோக்கிற கட்சியாப் பாத்துப் பிடி. வெல்லுற கட்சியிலை ஒரு சுகமும் இல்லை. கோப்பையைத் தூக்கின அண்டைக்கு ஒரு கூத்து. விடிஞ்சால் வாற வருசமும் இதைப் பிடிச்சு வைச்சிருப்பமோ எண்ட கவலை. தோக்கிறவனுக்கு அந்தப் பயமே கிடையாது. அவனுக்கு வருசம் முழுக்க நம்பிக்கை. நம்பிக்கை சும்மா கிடைக்கிற சாமான் எண்டும் நினையாதை. நீ வாங்கின நீலச் சட்டையின்ரை விலையை உன்ரை தேப்பன் எனக்குச் சொன்னவன். அந்தக் காசுக்கு இஞ்சை ஒரு துண்டு வலை வாங்கலாம்.

ஸ்காபரோவிலை இருந்துகொண்டு நீ அமெரிக்கன் ஃபுட்போலிலை பஃபலோ பில்ஸைப் பிடிச்சதிலை எனக்கு நல்ல புளுகம். எங்கடை ரத்தம் எந்தக் குளிருக்குள்ளை போனாலும் தோக்கிற பக்கத்தைத் தேடிப் பிடிச்சிடும். நீ பிறக்க முந்தின சங்கதி, ஆனால் நீ தானே போனிலை எனக்குச் சொன்னனி: 1991 தை தொடக்கம் 1994 தை வரைக்கும் அடுத்தடுத்து நாலு தரம் உன்ரை கட்சி சூப்பர் போல் எண்ட இறுதி ஆட்டத்துக்குப் போனது. நாலு தரமும் தோல்வி. முதல் தரம் நியூயோர்க் ஜயன்ட்ஸோடை 20–19. கடைசிக் கணத்திலை ஸ்கொட் நோர்வூட் எண்ட பெடியன் 47 யார் தூரத்திலை இருந்து உதைச்ச பந்து வலப்பக்கத்தாலை விலகிப் போச்சுது. அடுத்தடுத்து நாலு தரம் அந்த ஆட்டத்துக்குப் போன கட்சி வேறை ஒண்டும் இல்லையாமே. பிறகென்ன, உலகச் சாதனை தான். ஒருக்காத் தோக்க ஆராலையும் ஏலும். நாலு தரம் கடைசிப் படி வரைக்கும் ஏறிப்போய் நிண்டு தோக்கிறதுக்குத் திறமை வேணும்.

அதோடை காணாதெண்டு, 2008 தொடக்கம் 2013 வரைக்கும் வருசத்துக்கு ஒரு ஆட்டத்தை உங்கடை ரொறன்ரோவுக்கே கொண்டுவந்து விளையாடினவை. ஆறிலை அஞ்சு தோல்வி. வீடு தேடி வந்து தோத்துக் காட்டின சனத்தை விட்டிட்டு வேறை ஆரை நீ பிடிக்கிறது?

பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுற ஆட்டம் எண்டு நான் இஞ்சை கடற்கரைப் பெடியளுக்குச் சொன்னால், "ஐயா, அது ஹேண்ட்போல்" எண்டு கத்துறாங்கள். கத்தட்டும். ஆட்டம் எனக்கும் விளங்கேல்லை, விளங்கோணும் எண்டும் இல்லை. எனக்கு விளங்கினது உந்த டிராஃப்ட் தான். அது மட்டும் ஒருக்காச் சொன்ன உடனை விளங்கிப் போச்சுது. ஏனெண்டு பேந்து சொல்லுறன்.

வருசா வருசம் சித்திரை மாசக் கடைசியிலை, மூண்டு நாள், ஏழு சுற்று. பல்கலைக்கழகத்திலை விளையாடி முடிச்ச பெடியளின்ரை பேரை 32 கட்சியும் ஒவ்வொண்டாக் கூப்பிட்டு எடுக்கும். போன வருசம் ஆகக் கேவலமாத் தோத்தவனுக்கு முதல் முறை. கோப்பை தூக்கினவனுக்குக் கடைசி முறை. பெடியன் எந்த ஊருக்குப் போறதெண்டு பெடியனைக் கேக்கமாட்டினம். கூப்பிட்டவனோடை போகோணும். போகமாட்டன் எண்டு நிண்டவையும் இருக்கினம். 1983இலை ஜோன் எல்வே எண்டவன் பால்ற்றிமோருக்குப் போகமாட்டன் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டு டென்வருக்குப் போனான். பத்துப் பேர் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு நெஞ்சு வேணும், அதை நான் மெச்சுறன்.

இந்தச் சட்டத்தை ஆர் எழுதினது தெரியுமோ? பிலடெல்பியா ஈகிள்ஸ் எண்ட கட்சியின்ரை முதலாளி பேர்ட் பெல். 1935இலை காசுக்காரக் கட்சியள் திறமான ஆக்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, இவரிட்டை ஒருத்தரும் வரேல்லை. மனிசன் எழும்பி, "இனித் தோக்கிறவன் முதல் எடுக்கட்டும், அப்ப தான் எல்லாரும் சமனா வரலாம்" எண்டார். நல்ல நியாயம். மற்றவையும் தலையாட்டிச்சினம். 1936 மாசியிலை பிலடெல்பியா ரிற்ஸ்-கார்ல்ரன் ஹோட்டலிலை ஒன்பது கட்சி கூடி, பலகையிலை 90 பேர் எழுதி வைச்சு முதல் டிராஃப்ட் நடத்திச்சினம். அந்த வருசம் கடைசி இடத்திலை நிண்டது ஆரெண்டு நினைக்கிறாய்? சாட்சாத் பேர்ட் பெல்லின்ரை ஈகிள்ஸ் தான். சமத்துவத்தைப் பற்றி ஆர் வாய் கிழியக் கதைச்சாலும், முதல் முறை ஆருக்கு விழுகுது எண்டு பாத்துக்கொள் மோனை. இஞ்சை தேர்தல் காலத்திலை வாற ஆக்களிட்டையும் நான் அதைத் தான் பாக்கிறனான்.

கடவுள் இருக்கிறார் எண்டதுக்கும் அதுக்குள்ளையே ஒரு அத்தாட்சி கிடக்கு. பெல் முதல் ஆளா எடுத்தது ஜே பெர்வாங்கர் எண்ட சிக்காகோ பல்கலைக்கழகப் பெடியனை. அந்த வருசத்து ஆகத் திறமான ஆட்டக்காரன், விருது வாங்கினவன். பெல்லாலை அவன் கேட்ட சம்பளத்தைக் குடுக்க ஏலேல்லை. அவன்ரை முறையைச் சிக்காகோ பெயர்ஸுக்குக் கைமாத்தினார். பெயர்ஸ் முதலாளி ஜோர்ஜ் ஹலாஸுக்கும் அந்த விலை கசந்தது. பெர்வாங்கர் இவையின்ரை கதையை விட்டிட்டு ரப்பர் வியாபாரத்துக்குப் போய் நல்லா உழைச்சான். சம்பளத்துக்கு ஒரு ஆட்டமும் ஆடேல்லை. உலகத்திலை முதல் முதல் டிராஃப்ட்டிலை முதல் முதல் எடுத்த ஆள், பந்தைத் தொடாமலே போனவன்! இந்தக் கதையைத் தெரிஞ்சுகொண்டும் நீங்கள் ஒவ்வொரு சித்திரைக்கும் நித்திரை முழிக்கிறியள் பார், அங்கை தான் உங்கடை பக்தி தெரியுது.

இப்ப உன்ரை டிட்ரொயிற் யாத்திரைக்கு வருவம். கோவிக்கக் கூடாது.

2024 சித்திரை. நீ லீவு போட்டு, கார் பிடிச்சு, வின்சர் எல்லையிலை கடவுச்சீட்டைக் காட்டி, அமெரிக்காவுக்குள்ளை போனாய். என்னத்துக்கு? பந்தாட்டம் பாக்கவோ? இல்லை. ஒரு மேடையிலை ஒருத்தர் வந்து பேர் வாசிக்கிறதைப் பாக்க. மூண்டு நாளும் சேத்து ஏழே முக்கால் லட்சம் சனம் வந்ததாமே! 2012 கணக்கெடுப்பிலை எங்கடை முல்லைத்தீவு மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் சனம் வரேல்லை. எட்டு முல்லைத்தீவு கூடி நிண்டு, ஒரு பந்தையும் காணாமல் ஆரவாரம் போட்டிருக்கு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாற சனமாவது கடைசியிலை பொங்கலைச் சாப்பிடும்.

சரி, போனனி. முதல் நாள் இரவு முழுக்க நிண்டாய். கால் வலிக்க வலிக்க உன்ரை கட்சியின்ரை முறை, 28ஆவது, வந்தது. உன்ரை கட்சி என்ன செய்தது? அந்த முறையைக் கன்சஸ் சிற்றிக்கு வித்திட்டு 32க்கு இறங்கிச்சுது. சரி, 32 வருமெண்டு நிண்டாய். அதையும் கரோலைனாவுக்கு வித்துப் போட்டினம். அண்டிரவு பஃபலோ ஒரு பேரும் வாசிக்கேல்லை. நாலு மணித்தியாலம் கார் ஓடிப் போனது, ஒண்டுமே வாசிக்காததைக் கேக்க! அடுத்த நாள் 33ஆவதா கியோன் கோல்மன் எண்டவனை எடுத்திச்சினம், ஆனால் நீ தான் வேலை எண்டு விடிய வெளிக்கிட்டு வந்திட்டியே. மோனை, நான் இதை இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. தேத்தண்ணிக் கடையிலை நிண்ட அஞ்சாறு பேருக்கு மட்டும் தான்.

கன்சஸ் சிற்றிக்கு வித்தது எண்டு நீ சொன்ன இடத்திலை எனக்குச் சிரிப்பு அடங்கேல்லை. ஏனெண்டால் அதுக்கு முந்தின கதையையும் நீ தானே சொன்னனி. 2017இலை உன்ரை கட்சிக்கு 10ஆவது முறை. கன்சஸ் சிற்றிக்காரர் வந்து, "அந்த முறையை எங்களுக்குத் தாங்கோ, எங்கடை 27ஆவதும், 91ஆவதும், வாற வருசத்து முதல் சுற்றும் உங்களுக்கு" எண்டினம். உன்ரையவை கணக்குப் போட்டுப் பாத்தினம். ஒண்டைக் குடுத்து மூண்டு! குடுத்திட்டினம். கன்சஸ் சிற்றி அந்த முறையிலை எடுத்தது பற்றிக் மஹோம்ஸ்.

கரைவலையிலை இது நடக்காத விசயமே? ஒரு பாட்டிலை ரெண்டு மூண்டு சம்மாட்டிமாரின்ரை வலை இருந்தால் முறை வைச்சுத் தானே வளைக்கிறது. ஒரு சம்மாட்டி விடியப்புறம் எழும்பி வந்து, நீரோட்டத்தைப் பாத்து, வானத்தைப் பாத்து, மூக்கைச் சொறிஞ்சுபோட்டு, "இண்டைக்குச் சரிவராது, என்ரை முறையை நீ எடு, எனக்குப் பேந்து ரெண்டு முறை தா" எண்டு பக்கத்து வலைக்காரனுக்குச் சொல்லுவான். பக்கத்து வலை இறங்கும். அம்பாப் பாட்டோடை ரெண்டு பக்கத்துக் கயிறும் கரைக்கு வரும். மடியைத் திறந்தால் பாரைக் கூட்டம். அதுக்குப் பிறகு அந்தச் சம்மாட்டி ரெண்டு முறை இல்லை, இருவது முறை வளைச்சாலும் அந்தப் பாரையை மறக்கமாட்டான். அவன்ரை மனிசி மறக்க விடவும் மாட்டா. 27ஆவதிலை உங்களுக்கு வந்த ட்ரெடேவியஸ் வைற் நல்ல மீன் தான், நான் குறை சொல்லமாட்டன். ஆனால் பாரை பாரை தானே.

அந்தப் பாரை திரும்பி வந்து உங்களையே கடிச்சுது பார், அதைத் தான் கடலிலை நான் காணேல்லை. 2021 தை, 2022 தை, 2024 தை, 2025 தை: நாலு தரம் மஹோம்ஸ் உன்ரை கட்சியைக் கோப்பைப் பாதையிலை இருந்து வீட்டுக்கு அனுப்பினவன். 2022இலை 13 செக்கன் மிச்சம், உன்ரை கட்சி 36–33 முன்னுக்கு. 13 செக்கனிலை என்ன செய்யலாம்? நான் வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவி முடியாது. அதுக்குள்ளை அவன் சமன் செய்து, பிறகு 42–36 எண்டு முடிச்சும் போட்டான். நீ அண்டு இரவு எனக்குப் போன் எடுத்து அழுதனி. இஞ்சை விடிஞ்சு மீன் விலை பேசிக்கொண்டிருந்த நேரம். "அப்பப்பா, 13 செக்கன்" எண்டு மட்டும் சொன்னனி. செத்தவீடு எண்டு நினைச்சு நான் கூடையை இறக்கி வைச்சிட்டன்.

இவ்வளவும் பட்ட பிறகு, 2024இலை அதே கன்சஸ் சிற்றிக்கு உன்ரையவை திரும்பவும் தங்கடை முறையை வித்திருக்கினம். அதிலை அவங்கள் எடுத்த சேவியர் வேர்தி எண்ட ஓட்டக்காரப் பெடியன், 2025 தையிலை உன்ரை கட்சிக்கு எதிராவே புள்ளி போட்டான். 32–29. ஒருக்கால் ஏமாந்தவனைப் பாத்து ஐயோ எண்ணலாம். அதே ஆளிட்டை அதே சாமானை ரெண்டாந்தரம் கொண்டுபோய்க் குடுக்கிறவனைப் பாத்து என்ன சொல்லுறது? நான் ஒண்டும் சொல்லமாட்டன், ஏனெண்டால் நாங்களும் இஞ்சை அஞ்சு வருசத்துக்கு ஒருக்கால் வரிசையிலை நிண்டு வாக்குப் போடுற ஆக்கள் தான்.

சாத்திரியாரின்ரை கதையை விட்டிட்டன். டிராஃப்ட்டுக்கு மாசக்கணக்கா முந்தி, இன்னாரை இன்னார் எடுப்பினம் எண்டு பட்டியல் போடுற ஆக்கள் உங்கை கனபேர். அதுதான் அவையின்ரை சோறு. 2025இலை ஷெடூர் சாண்டர்ஸ் எண்ட பெடியன் முதல் சுற்றிலையே போவான் எண்டு கனபேர் எழுதினவை. முதல் நாள் போச்சு, ரெண்டாம் நாள் போச்சு, மூண்டாம் நாள் அஞ்சாம் சுற்றிலை 144ஆவதா கிளீவ்லண்ட் எடுத்தது. எழுதின சாத்திரியளிலை ஆரேன் தொழிலை விட்டவையே? அடுத்த நாளே 2026க்குப் பட்டியல் போடத் தொடங்கிட்டினமாம். எங்கடை பஞ்சாங்கக்காரர் பாவம், மழை பிழைச்சால் ரெண்டு மாசத்துக்கெண்டாலும் சந்திப் பக்கம் தலை காட்டமாட்டார்.

ஆனால் 2000ஆம் ஆண்டுக் கதை மட்டும் எனக்குப் பிடிக்கும். ரொம் பிரேடி. ஆறாம் சுற்று, 199ஆவது. அவனுக்கு முந்தி அதே இடத்துக்கு ஆறு பேரை எடுத்திருக்கினம். எல்லாக் கட்சியும் அவனைக் கடந்து போனது, உன்ரை கட்சியும் தான். பிறகு அவன் ஏழு சூப்பர் போல் வெண்டான். உன்ரை கட்சியோடை மட்டும் 36 ஆட்டம் ஆடி 33 வெண்டான். மோனை, நீ பள்ளிக்கூடத்திலை பின்வாங்கிலை இருந்தனி எண்டு உன்ரை கொம்மா இப்பவும் அழுதால் இந்தக் கணக்கைச் சொல்லு. ஆனால் 199ஆவதா எடுத்த மிச்ச ஆக்கள் எல்லாம் எங்கை எண்டு கொம்மா கேட்டால் போனை வைச்சிடு.

உந்த டிராஃப்ட் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமெண்டு நினைச்சு நெளிப்புக் காட்டாதை. உங்கடை ரொறன்ரோ எஃப்.சி 2007இலை தொடங்கின உடனை, உதைபந்து லீக்கின்ரை டிராஃப்ட்டிலை முதல் முறை அவைக்குத் தான். மொரிஸ் எடு எண்டவனை எடுத்தவை. இந்தியாவிலையும் நடந்தது. 2017 ஆடி 23, மும்பாயிலை இந்தியன் சூப்பர் லீக் டிராஃப்ட். இருநூறு பேருக்கு மேலை ஆட்டக்காரர். புதுசா வந்த ஜம்ஷெட்பூர் கட்சி முதல் ஆளா எடுத்தது அனஸ் எடத்தொடிகாவை, ஒரு கோடி பத்து லட்சம் இந்திய ரூபா. மலப்புறத்துப் பெடியன், ஒருகாலம் ஓட்டோ ஓடினவன். எங்கடை சென்னையின் கட்சியும் அங்கை குந்தியிருந்து ஆள் பொறுக்கினது. அதோடை இந்தியாக்காரர் அந்த வழக்கத்தையே கை விட்டிட்டினம். இனி ஆர் வேணுமெண்டாலும் ஆரோடையும் பேசி ஒப்பந்தம் போடலாம். சந்தை மாதிரி விட்டாச்சு. அதுக்குப் பிறகு 2018இலை அதே ஜம்ஷெட்பூருக்குப் போன மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரிக் கரையிலை மீன்பிடி ஊரிலை பிறந்தவன். அவன்ரை பேரை ஒரு மேடையிலையும் ஒருத்தரும் வாசிக்கேல்லை. வலை இழுக்கிற கரையிலை பிறந்தவனுக்குக் காலிலை பலம் தானா வரும், மணலிலை ஓடிப் பழகின கால் புல்லிலை பறக்கும். எங்கடை பக்கத்திலையும் பார்: குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் நிக்கிலஸ், பாசையூர் சென் அன்ரனிஸ், எல்லாம் கடற்கரைக் கழகங்கள் தானே.

சென்னையின் கதையிலை உனக்கு ஒரு மருந்து கிடக்கு. 2015இலை நடுச் சீசனிலை அட்டவணையின்ரை அடியிலை கிடந்தவை. கார்த்திகை, மார்கழியிலை சென்னையிலை பெரிய வெள்ளம். அரையிறுதியைச் சொந்த ஊரிலை விளையாட ஏலாமல் புனேக்குப் போய் விளையாடினவை. வீடு தண்ணிக்குள்ளை, மைதானம் வேறை ஊரிலை. இறுதி ஆட்டம் கோவாவிலை, கோவாக் கட்சியோடை, கடைசி நேரத்திலை மென்டோசா அடிச்ச கோலிலை 3–2 வெற்றி. பயிற்சியாளர் மற்றெராசி, 2006இலை சிடானிட்டை நெஞ்சிலை முட்டு வாங்கின அதே ஆள் தான். இடம்பெயர்ந்து போய் வெண்ட கதை எண்டபடியால் எனக்கு அதிலை ஒரு சாய்வு. நீ அதைப் பிழையா விளங்கிக்கொண்டு பஃபலோவை விட்டிட்டுச் சென்னைக்கு மாறிப் போடாதை. அவையும் 2018இலை ரெண்டாவது கோப்பை தூக்கின கட்சி. எங்களுக்குச் சரிவராது.

டிராஃப்ட் எனக்கு ஏன் உடனை விளங்கினது எண்டு சொல்லுறன் எண்டனான். நாங்கள் பேர் வாசிக்கிறதைக் கேட்டு வளந்த சனம் மோனை. 1984 மார்கழியிலை ஊரை விட்டு எழும்பின நாளிலை இருந்து லிஸ்ட் தான். நிவாரண லிஸ்ட், முகாம் லிஸ்ட், மீள்குடியேற்ற லிஸ்ட், வீட்டுத்திட்ட லிஸ்ட். வேப்ப மரத்துக்குக் கீழை கிராமசேவகர் ஐயா தாளை விரிச்சு வாசிப்பார். நாங்கள் மூச்சு விடாமல் நிப்பம். முதற் சுற்றிலை பேர் வராட்டில், "அடுத்த சுற்றிலை வரும் ஐயா" எண்டுவார். ரெண்டாம் சுற்றிலை எங்கடை ஒண்டுவிட்ட மச்சானின்ரை பேர் வரும், எங்கடை வராது. மச்சான் சிரிப்பான், நாங்களும் சிரிப்பம், வீட்டை வந்து கொப்பாத்தையோடை சண்டை பிடிப்பம். காணாமல் போன ஆக்களுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கு, அதைப் பற்றி நான் பகிடி விடமாட்டன். மற்ற எல்லா லிஸ்ட்டும் பகிடிக்கு நேந்து விட்டது தான்.

ஆனபடியால் டிட்ரொயிற்றிலை நிண்ட ஏழே முக்கால் லட்சம் சனத்தையும் எனக்குத் தெரியும். வித்தியாசம் என்னெண்டால், அவை காசு செலவழிச்சு வந்து நிண்டவை. எங்களை லொறி அனுப்பிக் கூட்டிக்கொண்டு போய் நிப்பாட்டினவை.

2018இலை யாழ்ப்பாணம் துரையப்பா மைதானத்திலை வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் எண்டு ஒண்டு நடந்தது, நீ அப்ப சின்னப் பெடியன். ஐபிசி தமிழ் நடத்தினது. வடக்குக் கிழக்கிலை இருந்து கட்சியள். எங்கடை கட்சிக்கு என்ன பேர் தெரியுமோ? முல்லை பீனிக்ஸ். பீனிக்ஸ் எண்டால் எரிஞ்சு சாம்பலாப் போய்த் திரும்ப எழும்பிற பறவையாம். அந்தப் பேரை வைச்சவனுக்கு எங்களை நல்லாத் தெரிஞ்சிருக்கு. எரிஞ்ச பகுதி சரி, எழும்பிற பகுதியை அடுத்த சீசனுக்கு விட்டிருக்கினம். 2023 தையிலை பீஃபா இலங்கையையே தடை செய்தது, ஆவணிக் கடைசியிலை தான் எடுத்தது. நாட்டிலை காற்பந்து நடத்துற பெரியவை தங்களுக்குள்ளை பிடுங்குப்பட, பந்துக்கு மறியல். அந்த ஏழு மாசமும் எங்கடை கொக்கிளாய்க் கரையிலை பெடியள் பந்து அடிச்சுக்கொண்டு தான் இருந்தவங்கள். பீஃபாவுக்கு ஆரும் கோள் சொல்லேல்லை.

அப்ப என்ரை புத்திமதி என்னெண்டால், ஆட்டத்தைப் பாக்காதை, டிராஃப்ட்டை மட்டும் பார். புரட்டாசியிலை சீசன் தொடங்கினால், முடியும் வரைக்கும் எங்கையேன் தலைமறைவா இரு. ஆட்டம் எண்டது கணக்கு. முடிஞ்சால் ஒரு இலக்கம் வரும், அதை மறுக்க ஏலாது. டிராஃப்ட் எண்டது கதை. அதிலை இன்னும் ஒருத்தரும் தோக்கேல்லை. மேடையிலை ஏறித் தொப்பி போடுற ஒவ்வொரு பெடியனும் அண்டிரவு மஹோம்ஸ் தான். "வாற வருசம் பாருங்கோ" எண்டு உங்கடை முதலாளி சொல்லுவார். அந்த வசனத்திலை எங்களுக்குப் பழக்கம் கூட. கொக்கிளாய் முகத்துவாரத்திலை நிண்டு பாத்தால் அங்காலை புல்மோட்டை தெரியுது. வள்ளத்திலை போனால் கிட்ட. தரையாலை சுத்திப் போனால் ஒரு பகல் போகும். பாலம் வரும் எண்டு நான் வேட்டி கட்டத் தொடங்கின காலத்திலை இருந்து கேக்கிறன். வருசா வருசம் ஆரோ ஒரு ஐயா வந்து அளக்கிறார், படம் எடுக்கிறார், தேத்தண்ணி குடிக்கிறார். நாங்களும் கை தட்டுறம். கை தட்டேக்கை உண்மையாவே சந்தோசமாத் தான் இருக்கும் மோனை, அதை நான் மறைக்கமாட்டன். அவரின்ரை வாகனம் கொக்குத்தொடுவாய் தாண்டும் வரைக்கும் பாலம் எங்கடை கண்ணுக்குத் தெரியும்.

உன்ரை கட்சிக்கு இப்ப ஜோஷ் அலன் எண்ட கெட்டிக்காரன் இருக்கிறான், 2018இலை 7ஆவதா எடுத்தது. அவன் இருக்கும் வரைக்கும் நீங்கள் கடைசி இடத்துக்கு வரமாட்டியள். கடைசி இடத்துக்கு வராட்டில் முதல் முறை கிடையாது. கோப்பையும் கிடையாது, முதல் முறையும் கிடையாது. ரெண்டுக்கும் நடுவிலை மாட்டுப்பட்டுப் போய் நிக்கிறியள். பாத்தியே, திறமான ஆள் வந்தால் வாற கரைச்சலை.

வாற ஆடியிலை நீ ஊருக்கு வாறாய் எண்டு தேப்பன் சொன்னவன். அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து எங்கடை மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் தோல்வியைப் பழக்கிப் போடாதை, பெட்டிக்குள்ளை வை. நல்ல பந்து ரெண்டு வாங்கிக்கொண்டு வா, காலாலை உதைக்கிற பந்து. பின்னேரம் வெயில் தாழக் கரையிலை ஆள் பிரிப்பாங்கள். ரெண்டு தலைவர் நிப்பினம். மற்றவை ரெண்டு ரெண்டு பேராத் தள்ளிப் போய், காதுக்குள்ளை குசுகுசுத்து ஒளிப்புப் பேர் வைச்சுக்கொண்டு வந்து, "உப்பு வேணுமோ, புளி வேணுமோ" எண்டு கேப்பினம். ஆர் உப்பு, ஆர் புளி எண்டு தெரியாமலே தலைவர் எடுக்கோணும். சாத்திரியும் இல்லை, முறையை விக்கிறதும் இல்லை. ஆக்கள் ஒற்றையா வந்தால் தான் சிக்கல். கடைசியா மிஞ்சின ஒருத்தரைச் சோடி இல்லாமல் எந்தப் பக்கத்திலையெண்டாலும் தள்ளி விடுவாங்கள். உங்கை அப்பிடிக் கடைசியா எடுபடுறவனுக்கு ஊர்வலம் எல்லாம் வைக்கினமாமே. 2022இலை 262ஆவதாக் கடைசியா எடுபட்ட புரொக் பேர்டி ரெண்டு வருசத்திலை சூப்பர் போலே விளையாடினான் எண்டும் சொன்னனி. இஞ்சை ஊர்வலம் இல்லை. கடைசி ஆள் கோல் காக்கிறது. கம்பு ரெண்டையும் நான் இண்டைக்கே நட்டு வைக்கச் சொல்லிப் போட்டன், உன்ரை அளவுக்கு எப்பன் கிட்டக் கிட்ட.